பனையேரி தேடிப் போன கெண்டை

அந்தக் காலத்தில் மீன்களும் பேசின. சிரிக்காதீர்கள். வாய் இருக்கிறது, நாள் முழுக்க அதைத் திறந்து திறந்து மூடுகிறது. பேசாமல் வேறு என்னத்தைச் செய்திருக்கும்? மீன் பேசிற்று, நண்டு பேசிற்று, கரையில் நின்ற மனிதருக்கு அது புரியவும் செய்தது. இன்றைக்கு நமக்குப் புரியவில்லை என்றால் அது மீனின் குற்றம் இல்லை.

அப்போது கல்லேரி என்று ஓர் ஏரி இருந்தது. அதில் பூங்காவனம் என்று ஒரு கெண்டை குடித்தனம் நடத்தி வந்தாள். பேர்தான் பெரிய பேர், ஆள் உள்ளங்கை அளவு. நிறமும் அழுக்குப் பச்சை. இரண்டு கன்னங்களின் ஓரத்திலும் செவுள் மூடியில் ரம்பம் மாதிரி முள் வரிசை. அவள் இனத்துக் கெண்டைகள் எல்லோருக்கும் அது உண்டு. கூட்டத்தில் நீந்தும்போது யாரையாவது கீறிவிடுமோ என்று கன்னத்தை ஒடுக்கிக்கொண்டேதான் பிறந்ததிலிருந்து வாழ்ந்தாள். அது போதாதென்று இன்னொரு பழக்கம். நாழிகைக்கு ஒரு தடவை மேலே வந்து வாய் நிறைய காற்றை விழுங்கிவிட்டுப் போவாள். நல்ல குடும்பத்து மீன்கள் அப்படிச் செய்வதில்லை என்று வேறு இனத்து மீன்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவளும் யாரும் பார்க்காதபோதுதான் விழுங்குவாள்.

மூன்று வருஷம் மழை இல்லை. முதல் வருஷம் தாமரை போயிற்று. இரண்டாம் வருஷம் மதகு வரைக்கும் மண் தெரிந்தது. மூன்றாம் வருஷம் சித்திரை பிறந்தபோது அத்தனை பெரிய கல்லேரியில் மிச்சம் இருந்தது நடுவில் ஒரு குட்டை. ஒரு மாட்டு வண்டியை நிறுத்தினால் மறைந்துவிடும், அவ்வளவுதான். அதற்குள் நூற்றுச்சொச்சம் கெண்டைகள், ஒரு விரால், பூங்காவனத்தின் குஞ்சுகள் பதினொன்று. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்.

பூங்காவனம் குஞ்சுகளைக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, வெயில் தாழ ஒரு தடவை எண்ணுவாள். பதினொன்று இருந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். தண்ணீரோ தினமும் நான்கு விரற்கடை இறங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கணக்கில் போனால் ஐந்தாம் நாள் சேறு, ஆறாம் நாள் அதுவும் இல்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் இன்னொரு தடவை எண்ணுவாள்.

ஒரு நாள் காலை இரண்டு பெண்கள் ஆடு ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார்கள். ஒருத்தி குட்டையை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"தொண்டை வறண்டு போச்சுக்கா. இந்தத் தண்ணிய வாயில வைக்க முடியாதே."

"இதை எவடி வாயில வைக்கச் சொன்னது? மேற்கால நட. பனையேறி இருக்கிறப்ப நமக்கு என்ன கவலை? சில்லுன்னு, தித்திப்பா, வயிறு முட்டக் குடிச்சிட்டு வரலாம்."

"எவ்ளோ தூரம்?"

"ரெண்டு கழனி தாண்டினா வந்துடுது. அதோ பனை வரிசை தெரியுதில்ல, அங்கதான்."

இருவரும் போய்விட்டார்கள். அவர்கள் சொன்னது பனை ஏறிப் பதநீர் இறக்குகிற ஆளை. பூங்காவனத்தின் காதில் விழுந்தது வேறு. அவள் பிறந்தது கல்லேரி. அம்மா பிறந்தது தாமரையேரி. ஒன்றுவிட்ட அக்காள் ஒரு வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்க் குடியேறியது வெள்ளேரி. பிறகு பனையேரி மட்டும் வேறு என்னவாக இருக்கும்? எழுதிக் காட்டினால் பெரிய 'றி' வேறு, சின்ன 'ரி' வேறு. சொல்லும்போது நம்மில் எத்தனை பேர் பிரித்துச் சொல்கிறோம்? பள்ளிக்கூடம் போன நாமே இந்த இடத்தில் தடுக்கி விழுகிறோம், மீனுக்கு எந்த வாத்தியார் வந்து சொல்லிக் கொடுத்தார்?

"பனையேரி," என்று பூங்காவனம் சொல்லிப் பார்த்தாள். சில்லென்று, தித்திப்பாக, வயிறு முட்ட. இரண்டு கழனி தூரத்தில்.

நேரே விராலிடம் போனாள். விரால்தான் அந்தக் குட்டைக்கு நாட்டாமை. தடித்த உடம்பு, தடித்த குரல், எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கிற சுபாவம்.

"நாட்டாமை, மேற்கால பனையேரின்னு ஒண்ணு இருக்காம். எல்லாரும் போயிடலாம்."

"கல்லேரி தெரியும், தாமரையேரி தெரியும், வெள்ளேரி தெரியும். பனையேரின்னு ஒண்ணு என் காதுக்கு வந்ததே இல்லை," என்றது விரால். பாவம், அது சொன்னது சரிதான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "அப்படியே இருந்தாலும் எப்படிப் போவே? வாய்க்கால் காஞ்சு கிடக்குது."

"நடந்து."

"மீன் நடந்ததை நீ பார்த்திருக்கியா?"

"இல்லைங்க."

"கேள்வியாவது பட்டிருக்கியா?"

"இல்லைங்க."

"அப்ப போய் வேலையைப் பாரு."

கேட்ட கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. இதுவரை எந்த மீனும் செய்யாததை உள்ளங்கை அளவுக் கெண்டை ஒருத்தி எப்படிச் செய்வாள்? அவளுக்குத் தன் மேல் அப்படி ஒன்றும் பெரிய நம்பிக்கை இல்லை. திரும்பி வந்து குஞ்சுகளை எண்ணினாள். பதினொன்று. அதில் கடைக்குட்டி மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது, தண்ணீருக்குள் மூச்சு முட்டிப் போயிருந்ததால். அதைப் பார்த்தபோது, நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று கணக்குப் பார்க்க நேரமில்லை என்று தோன்றிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே குட்டையின் ஓரத்துக்கு வந்து எம்பிக் குதித்தாள். சேற்றில் தொப்பென்று விழுந்தாள், ஒரு பக்கமாகச் சாய்ந்தாள், வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. தங்கள் அம்மா வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கேட்டன.

"செய்யறேன், இருங்க," என்றாள் பூங்காவனம்.

இரண்டாம் தடவையும் அதே கதி. ஐந்தாம் தடவை, வழுக்கும்போது பயத்தில் தன்னை அறியாமல் கன்னத்தை விரித்துவிட்டாள். முள் வரிசை சேற்றில் பதிந்தது. உடம்பு நின்றது. ஆஹா என்று நினைத்தாள். ஒரு கன்னத்தை ஊன்றிக்கொண்டு வாலைத் தள்ளினால் உடம்பு முன்னே போகிறது. மறு கன்னத்தை ஊன்றி மறுபடி தள்ளினால் இன்னும் கொஞ்சம். ஒரு சாண் போனாள், இரண்டு சாண் போனாள். மூச்சுக்கு என்ன செய்வது? வாயைத் திறந்தாள், காற்றை விழுங்கினாள். இதைத்தானே திருட்டுத்தனமாக இத்தனை நாளும் செய்துகொண்டிருந்தாள்? இப்போது வெட்டவெளியில், நாட்டாமை பார்க்கப் பார்க்க விழுங்கினாள்.

விரால் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது.

மறுநாள் விடியற்காலை, மண் குளிர்ந்திருந்த நேரம் பார்த்துப் புறப்பட்டாள். பக்கத்து வீட்டுக் கெண்டையிடம் குஞ்சுகளை ஒப்படைத்து, மத்தியானம் ஒரு தடவை எண்ணிவிடு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சேறு முடிந்து வெடித்த களிமண் வந்தது. அந்த வெடிப்புகள் நல்லதாகப் போயின, முள்ளை மாட்டி இழுக்க வசதி. பிறகு முதல் கழனி. எப்போதோ அறுத்துப்போட்ட நெல் தாள் கட்டைகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனாள். உடம்பு எரிந்தது. வயிற்றுப் பக்கச் செதில்கள் இரண்டு பெயர்ந்தன. பனையேரி, பனையேரி என்று சொல்லிக்கொண்டே கன்னத்தை ஊன்றினாள்.

வரப்பின் மேல் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. பூங்காவனத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. திரும்பவும் முடியாது, ஒளியவும் இடமில்லை. சரி, ஆனது ஆகட்டும் என்று அதன் காலடியிலேயே நடந்து போனாள். கொக்கு குனிந்து பார்த்தது. தண்ணீரில் ஓடுகிற மீனை அது தின்றிருக்கிறது, சேற்றில் துடிக்கிற மீனைத் தின்றிருக்கிறது. எதிரே நடந்து வருகிற மீனை அதன் பரம்பரையில் யாரும் தின்றதில்லை. பழக்கமில்லாத பண்டத்தை வாயில் வைத்து வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கொக்கு இரண்டடி தள்ளி நின்று வழி விட்டது. அன்றைக்கு அது பட்டினி.

வெயில் ஏறும்போது இரண்டாவது கழனியும் முடிந்தது. பனை வரிசையின் முதல் மரத்தடிக்கு வந்து சேர்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். காய்ந்த மட்டை, கருகின புல், சுண்ணாம்பு தடவிக் கவிழ்த்துவைத்த கலயங்கள். ஏரியைக் காணோம்.

மரத்தடியில் ஒருவன் மரம் ஏறுவதற்காகக் காலில் தளைநாரை மாட்டிக்கொண்டிருந்தான். இடுப்பில் அரிவாள் பெட்டி. மார்பெல்லாம் மரம் உரசிக் காய்ப்புக் காய்த்திருந்தது. அவன் பேர் தாண்டவன்.

"அண்ணா, பனையேரி எங்க இருக்கு?" என்று கேட்டாள் பூங்காவனம்.

தாண்டவன் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, குரல் தரையிலிருந்து வருவதைக் கண்டுபிடித்தான். "நான்தாம்மா பனையேறி."

"நீங்க ஏரியா? தண்ணி எங்கண்ணா?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் யோசித்தான். பிறகுதான் புரிந்தது, சிரிப்பும் வந்துவிட்டது. "ஏரி இல்ல தாயே. பனை ஏறுறவன். மரத்துல ஏறி பதநீர் இறக்குறவன். அதான் பனையேறி." சிரித்துக்கொண்டே சொல்லி முடித்தவன், அந்தக் கெண்டையின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டதைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினான். "ஏம்மா, எங்கேர்ந்து வர?"

"கல்லேரியிலேர்ந்து."

"யார் தூக்கிட்டு வந்தது?"

"யாரும் இல்ல. நடந்துதான் வந்தேன்." பதினொரு பிள்ளைகளை விட்டுவிட்டு, இல்லாத ஏரிக்கு, ஒரு எழுத்தை நம்பி வந்திருக்கிறாள். நாட்டாமை சொன்னது சரியாகப் போயிற்று. அவளுக்கு அழுகை வந்தது. மீன் அழுதால் யாருக்குத் தெரியும், ஆனால் அழுதாள்.

தாண்டவன் தன் சுரைக்குடுவையைத் திறந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கையில் ஏந்தி அவள் மேல் விட்டான். இன்னொரு கை விட்டான். அப்புறம், அவள் வந்த திக்கைப் பார்த்தான். புழுதியில் இரண்டு பக்கமும் கீறல் விழுந்த ஒரு கோடு, வளைந்து வளைந்து, இரண்டு கழனிகளையும் தாண்டிக் கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் போயிற்று.

"அம்மாடி," என்றான். "இது அத்தனையும் நீ போட்டதா?"

பூங்காவனம் திரும்பிப் பார்த்தாள். வரும்போது அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏரி பொய்யாகிவிட்டது. கோடு பொய்யில்லை. அது அவள் கன்னமும் அவள் வாலும் போட்ட கோடு. பனையேரி என்று ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு தூரம் வந்தாள். இப்போது அந்த நம்பிக்கை போயிற்று, ஆனால் நடை அவளிடமே இருந்தது. எங்கேயாவது நிஜமாகவே தண்ணீர் இருந்தால் அங்கேயும் இதே மாதிரி போய்விடலாமே என்று முதல் தடவையாக நினைத்தாள்.

"அண்ணா, இவ்ளோ உசரம் ஏறுறீங்களே, மேலேர்ந்து பார்த்தா எங்கனாச்சும் தண்ணி தெரியுதா?"

தாண்டவன் தலையைச் சொறிந்தான். "வடக்கால அந்தக் கரட்டுக் குன்றுக்குப் பின்னால ஏதோ மின்னுது. பல வருஷமா மின்னிட்டுத்தான் இருக்குது. பாறையா தண்ணியான்னு எனக்குச் சொல்லத் தெரியல. வெயில்ல கண்ணு கூசும், இறங்கிடுவேன். சுத்தி முள்ளுக்காடு, ஊர்ல யாரும் போய்ப் பார்த்ததில்ல."

"நான் பார்த்தா தெரியும்ணா. தண்ணிய எனக்குத் தெரியாதா?"

அது நியாயம் என்று அவனுக்கும் பட்டது. ஆனால் எப்படி மேலே கொண்டுபோவது? கலயத்தில் விட்டால் உள்ளே சுண்ணாம்பு, கண் போய்விடும். ஏறும்போது கை இரண்டும் மரத்தைக் கட்டிப் பிடிக்க வேண்டும். தலைத்துண்டில் முடிந்துகொள்கிறேன் என்றான்.

"வேணாம்ணா. என் மேல இருக்கிற ஈரத்தையெல்லாம் துண்டு குடிச்சிடும்." பூங்காவனம் மரத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பட்டை முழுக்க வளையம் வளையமாக மேடும் பள்ளமும். முள் மாட்ட இடம் இருந்தது. நேற்று வரைக்கும் அவளுக்குத் தரையிலேயே நடக்கத் தெரியாது. "நானே ஏறிப் பார்க்கிறேன்," என்றாள்.

தாண்டவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீ முன்னால ஏறு. நான் உன் கீழயே வரேன். வழுக்கினா என் தோள்ல விழு, தரைக்குப் போக விடமாட்டேன்," என்றான்.

ஏறினாள். வலது கன்னத்தை ஒரு வளையத்தில் மாட்டுவது, வாலால் மரத்தை உதைப்பது, இடது கன்னத்தை அடுத்ததில் மாட்டுவது. ஒரு ஆள் உயரத்தில் மூச்சு வாங்கிற்று. இரண்டு ஆள் உயரத்தில் காற்று அடித்தது. மூன்றாம் ஆள் உயரத்தில் பிடி நழுவி, அவன் தோளில் வந்து விழுந்தாள். முள் சதையில் ஏறி ரத்தம் கசிந்தது.

"ஐயோ, கீறிடுச்சாண்ணா?"

"பனைமட்டைக் கருக்குக் கீறாத கீறலா? நீ ஏறும்மா."

பிறந்ததிலிருந்து யாரையும் கீறிவிடக் கூடாது என்று ஒடுங்கியே இருந்தவளுக்கு அந்த ஒரு பேச்சு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தாண்டவனுக்குத் தெரியாது. அவள் மறுபடி ஏறினாள். இந்தத் தடவை நழுவவில்லை. உச்சிக்குப் போனபோது சீவிய பாளையிலிருந்து பதநீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அதில் செவுளை நனைத்துக்கொண்டு, ஒரு மட்டையின் இடுக்கில் உடம்பைக் கொடுத்துக்கொண்டு, வடக்கே பார்த்தாள்.

கரட்டுக்குப் பின்னால் மின்னியது. பார்த்தாள், கண்ணை எடுக்காமல் பார்த்தாள். காற்று ஒரு வீச்சு வீசிற்று.

"அண்ணா, காத்து அடிக்கிறப்ப அந்த வெளிச்சம் உடையுது. பாறைன்னா உடையாது. அது தண்ணிதான். ஆழத் தண்ணி."

தாண்டவன் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தான். இத்தனை வருஷம் பார்த்த அதே மினுமினுப்புதான். அவன் பெண்டாட்டி செல்லி குடிதண்ணீருக்குத் தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தான். "உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்," என்று மட்டும் சொன்னான்.

இறங்கி, நாளைக்கே எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவதாகத் தாண்டவனிடம் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பூங்காவனம் கல்லேரிக்குத் திரும்பிவிட்டாள். முதலில் குஞ்சுகளை எண்ணினாள். பதினொன்று. பிறகு எல்லாக் கெண்டைகளையும் கூட்டி நடந்ததைச் சொன்னாள். பனையேரி இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வேற ஒண்ணு இருக்குது, நானே கண்ணால பார்த்தேன். கன்னத்தை விரிங்க, சொல்லித் தரேன்," என்றாள்.

தயங்கித் தயங்கி ஒருத்தி விரித்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. இருட்டுவதற்குள் நூற்றுச்சொச்சம் கெண்டைகளும் குட்டை ஓரத்தில் விழுவதும் எழுவதுமாக இருந்தன. குஞ்சுகளுக்குத்தான் எல்லாரையும்விட முதலில் பிடிபட்டது. விராலுக்குக் கன்னத்தில் முள் இல்லை. "நீ போம்மா. எனக்குச் சேறு போதும், உள்ளே புதைஞ்சுக்கிறேன்," என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "பார்த்துப் போ," என்றும் சொன்னது. நாட்டாமை வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விடியலில் ஊர்வலம் புறப்பட்டது. கழனிகள் வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. பனை வரிசையைத் தாண்டிக் கரட்டைச் சுற்றும்போதுதான் சரளைக்கல் வந்தது. நிழல் இல்லை, வெடிப்பு இல்லை, கல் காலையிலேயே காய ஆரம்பித்துவிட்டது. குஞ்சுகள் பின்தங்கின. கடைக்குட்டி ஒரு கல்லின் மேல் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. பூங்காவனம் அதன் பக்கத்தில் போய்த் தன் உடம்பால் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றாள். இங்கேயே முடிந்துவிடும் போலிருக்கிறதே என்று நெஞ்சு பதைத்தது.

அப்போது முன்னாலிருந்து சலசலவென்று தண்ணீர் சத்தம் கேட்டது. தாண்டவனும் செல்லியும் வந்துகொண்டிருந்தார்கள். முந்தின நாளே முள்ளை வெட்டி வழி எடுத்துக்கொண்டு போய் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டார்கள். இன்றைக்கு இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று கொண்டுவந்து, சரளை மேல் ஊற்றிக்கொண்டே வந்தார்கள். தீர்ந்ததும் திரும்பிப் போய் மறுபடி மொண்டு வந்தார்கள்.

"குடத்துல போட்டுத் தூக்கிட்டுப் போயிடலாமேன்னு இவரு சொன்னாரு," என்றாள் செல்லி, இடுப்புக் குடத்தைச் சாய்த்தபடி. "குடத்துக்குள்ள பத்து மீன் போகும். வழியை நனைச்சா அத்தனையும் போகுமேன்னு நான்தான் சொன்னேன்."

ஈரம் பட்டதும் கடைக்குட்டி கன்னத்தை விரித்தது. ஊன்றிற்று. நடந்தது.

அன்றைக்குத் தாண்டவன் ஒரு மரமும் ஏறவில்லை. அவனுடைய நாற்பது மரத்துப் பதநீரும் கலயத்திலேயே புளித்துப் போயிற்று. வெயில் உச்சிக்கு வருவதற்குள் கடைசிக் கெண்டையும் தண்ணீரில் இறங்கிவிட்டது. பூங்காவனம் கரையோரத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதினொன்று. மறுபடியும் எண்ணினாள். அந்த நிம்மதியில், குளிர்ந்த தண்ணீரில், தன்னை மறந்து ஒரு முங்கு முங்கினாள். மேலே வந்து பார்த்தபோது தாண்டவனும் செல்லியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூப்பிட்டாள். அவர்களுக்குக் கேட்கவில்லை.

அது அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றால் சரளை கொதிக்கிறது. ஐப்பசியில் ஒரு நாள் இடி இடித்து மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை. கல்லேரி நிரம்பிற்று, தாமரையேரி நிரம்பிற்று, சேற்றிலிருந்து விரால் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தது. எல்லா மீன்களும் தண்ணீரில் கும்மாளம் போட்டபோது, பூங்காவனம் மட்டும் கரை ஏறினாள்.

"அம்மா, தண்ணிதான் இங்க கெடக்குதே, நீ எங்க போற?" என்றது கடைக்குட்டி.

"பனையேறியைப் பார்த்துட்டு வரேன். ஒண்ணு சொல்லணும்."

"நானும் வரேன்." பதினொன்றும் பின்னாலேயே கிளம்பிவிட்டன.

ஈரத்தில் வழுக்கிக்கொண்டு பனையடிக்குப் போனார்கள். யாரும் இல்லை. அண்ணா என்று கூப்பிட்டாள், பதில் இல்லை. மேலே இருக்கிறாரோ என்று ஒரு ஆள் உயரம் ஏறிப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. மழைக்காலத்தில் பாளை சீவுவதில்லை, பனையேறிக்கு மரத்தில் வேலையும் இல்லை. தாண்டவன் யாரோ ஒருவர் கழனியில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். மீனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வெகுநேரம் மரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு, அண்ணா, நீங்க செஞ்சதை மறக்கமாட்டோம் என்று அந்த மரத்திடமே சொல்லிவிட்டு, அடுத்த மழைக்கு நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள்.

தை பிறந்து தாண்டவன் மரத்தைச் சுத்தம் செய்ய வந்தான். ஒரு ஆள் உயரத்தில் பட்டையின் வளையத்தில் ஏதோ பளிச்சென்றது. ஒரு செதில். கொஞ்சம் கீழே, சின்னச் சின்னதாக இன்னும் சில. விரலால் தொட்டுப் பார்த்தான். யார் வந்தது, எதற்கு வந்தது என்று அவனுக்கு விளங்கிவிட்டது. கண் கலங்கிற்று. தளைநார் அந்தச் செதில்களின் மேல் படாமல் தள்ளிப் போட்டுக்கொண்டு ஏறினான்.

அன்று முதல்தான் அந்தக் கெண்டைக்குப் பனையேறிக் கெண்டை என்று பேர். முதல் மழை விழுந்து, குளமெல்லாம் நிரம்பி, மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை என்கிற நேரத்தில் அது மட்டும் தண்ணீரை விட்டு வெளியே வந்து ஈர மண்ணில் கன்னம் ஊன்றி நடப்பதும் அன்று முதல்தான். பார்க்கிறவர்கள் வழி தப்பி வந்துவிட்டது என்கிறார்கள். வழியெல்லாம் அதற்கு நன்றாகத் தெரியும். நன்றி சொல்ல வேண்டியவர் மழைக்காலத்தில் மரத்தடியில் இருப்பதில்லை, அவ்வளவுதான். அதனால் அடுத்த மழைக்கும் வரும்.